கம்பி இல்லாத கூரைகள்

தேவசகாயம் சார் காலமான செய்தி வந்தபோது நான் கொட்டாம்பட்டியில் ஒரு புது வீட்டின் கூரைமேல் நின்றிருந்தேன். மத்தியான வெயில். அவருடைய அலுவலகத்திலிருந்து பேசியவர், நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னார். நல்லதாக நாலு வரி போதுமாம்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சில ஆண்டுகள் என்னை வேலைக்கு வைத்திருந்தார். ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு: அவர் கட்டடப் பொறியாளர். வில்லாபுரத்துக்காரர். இல்லாதவர்களுக்குக் குறைந்த செலவில், வெயிலைத் தாங்கும் வீடுகளைக் கட்டினார். செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் காற்று தங்கும்படி சுவர் எழுப்புவார். கூரைமேல் மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்பும் வெள்ளை ஓடும் பதிப்பார். சித்திரை வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் உடம்பு தணியும். இதில் பொய் இல்லை.

“வீடு மனுசனை வேகவைக்கக் கூடாது. அம்புட்டுதான்” என்பார். மனுசனைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பற்றிப் பேசினார்.

நான் சேர்ந்தபோது திருமங்கலம் சாலையில் அவருடைய குடியிருப்பு முடிந்திருந்தது. வாய்க்கால் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள். என்னை அழைத்துக்கொண்டு போவார். கதவைத் தட்ட மாட்டார். உள்ளே போய் வெப்பமானியைச் சுவரில் மாட்டுவார். பிறகுதான் வீட்டில் இருப்பவர்களைப் பார்ப்பார். சில நாள் அதுவும் இல்லை.

பஞ்சவர்ணம் அக்காவை அப்படித்தான் தெரியும். மாநகராட்சியில் தூய்மைப் பணி. ஒரே மகன், கார்த்தி. தெருப்பக்கச் சுவரில் காற்றுக்காக விட்டிருந்த துளைகளை அக்கா பழைய சேலையால் மறைத்திருந்தார். சார் சேலையை உருவி அவர் கையில் கொடுத்தார். காற்றை அடைக்கக் கூடாது என்றார்.

“காத்து மட்டுமா சார் வருது? தெருவே எட்டிப் பாக்குது.”

நான் சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. மறுபடி போனபோது சேலை தொங்கியது. மறுபடி உருவினார்.

பிறகு, கம்பி.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கூரையோடு முடிப்பதில்லை. தூண்களின் கம்பியை மேலே நீட்டி விட்டுவைப்பார்கள். இன்றைக்கு முடியவில்லை, என்றைக்காவது மாடி எடுப்போம் என்று பொருள். சாரின் வரைபடத்தில் தூணே கிடையாது. அக்கா கொத்தனாரைப் பிடித்து, சுவரை ஒட்டி வெளியே தூண் எழுப்பி, கம்பியைக் கூரைக்குமேல் நீட்டிவிட்டார். அதைப் பார்த்து வரிசை வீடுகள் எல்லாம் நீட்டின.

சார் கம்பி வெட்டும் மிஷினோடும் ஆட்களோடும் வந்தார்.

அக்கா ஏணியை மறித்து நின்றார். “சும்மா நிக்கட்டும் சார். கார்த்திக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் ஆச்சுன்னா மேல ஒரு ரூம்பு. கீழ ஒத்த ரூம்புல எப்படி?”

“நின்னா கட்டுவீங்க. சட்டியை ஒடைப்பீங்க. மேல இருக்கறவன் வெந்துபோவான். அப்புறம் ஏசி கேப்பான்.”

“வெந்தாலும் எங்கூட இருந்துல்ல வேவான்.”

மிஷினைப் பிடித்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலே மாடி வந்தால் கீழ்வீடு இன்னும் குளிரும் என்று நான் சாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஏறுங்கய்யா” என்றார். கம்பிகள் ஓட்டின் மட்டத்துக்கு அறுபட்டன. அதன்பின் அந்தக் கூரைகள் படத்தில் அழகாக விழுந்தன. தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

கார்த்திக்குக் கல்யாணம் ஆனது. கொஞ்ச காலம் அக்கா வாசலில் படுத்தார். பிறகு மகனும் மருமகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த கோடையில் சார் வெப்பமானியோடு வந்தார். குடியிருப்பிலேயே அக்கா வீடுதான் குளிர்ச்சி. ஆள் குறைந்தால் அடுப்பு குறையும், உடம்புச் சூடும் குறையும். நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் சொன்னேன். மகன் போய்விட்டான் சார் என்று. “பரவாயில்ல, நல்லா வந்திருக்கு” என்றார். வெப்பமானி காட்டிய எண்ணைச் சொன்னார்.

அந்த மாதமே விலகினேன்.

இறந்த செய்தி கேட்டு நான் போனபோது, வில்லாபுரத்து வீட்டில் அவரைக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் ஏசியைத் திட்டியவர். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜெபம் முடிந்தது. புகழ்ந்து பேசினார்கள். எல்லாம் உண்மைதான்.

பஞ்சவர்ணம் அக்கா வேலை உடுப்போடு வந்தார். அழவில்லை. கண்ணாடிமேல் கையை வைத்துக் குனிந்து, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

“வீடு குளுகுளுன்னுதான் சார் இருக்கு. நான் ஒருத்திதான் இருக்கேன்.”

பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதைவிட நல்ல அஞ்சலி எனக்கு வராது.

சார், கொட்டாம்பட்டியில் நான் கட்டும் வீட்டில் சுவர் உங்களுடையது. கூரைமேல் சட்டிகளும் உங்களுடையவைதான். ஆனால் சுண்ணாம்புக்குப் பதில் மணலில் பதித்திருக்கிறேன். மாடி எடுக்கும் நாளில் உடையாமல் பெயர்த்து, மேல்கூரைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

நீங்கள் போன செய்தி வந்தபோது, மூலைத் தூண்களில் நீட்டிவிட்ட கம்பிகளுக்குத் துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் பூசிக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு மீதியையும் பூசினோம்.

போய் வாருங்கள், சார்.