நாள் தள்ளிப்போட்ட ஞானஸ்நானம்

2006, 2007 வாக்கில் நாங்கள் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்தோம். அங்கேதான் என் மகன் பிறந்து மூன்று மாதம்கூட முடியாத நிலையில் காய்ச்சலில் இறந்துபோனான்.

அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. ஞானத்தாயாக நிற்க வேண்டிய என் நாத்தனார் பிரான்சில் இருந்தாள். ஜூலை மாத வக்கான்சுக்கு, அதாவது விடுமுறைக்கு, அவள் வந்ததும் தடபுடலாகச் செய்யலாம் என்றார் மாமியார். எங்கள் ஊரில் பல வீடுகளில் நல்ல நாள் பார்ப்பதே பிரான்சிலிருந்து விமானம் வருகிற தேதியை வைத்துத்தான். நாங்களும் தலையாட்டினோம்.

துக்கத்துக்கு வந்த ஒருத்தி என் காதுபடவே, "ஞானஸ்நானம் வாங்காத புள்ள, மோட்சத்துக்கா போவும்?" என்றாள். என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்ற கேள்வி அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். மாமியாரோடு பேச்சையும் நிறுத்தினேன். ஒரே அடுப்பில் சமைத்து ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். கணவர் பாவம், எந்தப் பக்கமும் பேச முடியாமல் தவித்தார்.

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, முன்பு கணினியில் தட்டச்சு வேலை பார்த்த டி.டி.பி. கடைக்கே திரும்பிப் போனேன். என் போதாத நேரம், கையில் கொடுத்தது ஒரு கோயில் விழா மலர். ஒரு காலத்தில் அங்கே பங்குத்தந்தையாக இருந்த வெள்ளைக்காரச் சாமியார் தன் தங்கைக்கு எழுதிய கடிதங்களைத் தமிழாக்கி அதில் சேர்த்திருந்தார்கள். மனுஷர் சரியான புலம்பல். வெயில் தாங்கவில்லை, கொசு விடவில்லை, செருப்பு அறுந்துவிட்டது. வேண்டாவெறுப்பாக அடித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு கடிதத்தில் கை நின்றுவிட்டது. தூரத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு ஞானஸ்நானம் கேட்டு வந்திருக்கிறாள். இவர் களைப்பில், ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் குழந்தை இறந்துவிட்டது. தனக்குச் செபமே வரவில்லை, பீடத்துக்குப் போகக் கால் எழவில்லை என்று தங்கையிடம் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெண் பூசைக்கு வந்து முன்னால் உட்கார்ந்தாளாம். அவளைப் பார்த்த பிறகுதான் இவரால் பூசையைத் தொடங்க முடிந்ததாம். பிள்ளை கடவுளிடம்தான் இருக்கிறது, அவர் என்னைப்போல் நாள் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர் அல்ல என்று கடிதத்தை முடித்திருந்தார்.

கடையில் வைத்தே அழுதுவிட்டேன். தட்டச்சுச் சத்தம் நின்றதும் கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்த முதலாளி, என்னைப் பார்த்ததும் திரும்பிப் போனார்.

அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். முடிக்கும்வரை அவர் நிமிரவே இல்லை.

"அந்தப் பொம்பள சாமியார மன்னிச்சிட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"அத எழுதல அத்தே. பூசைக்கு வந்தான்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"நான்தாம்மா நாளத் தள்ளிப்போட்டேன்" என்று முறத்தின் மேலேயே கவிழ்ந்து அழுதார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர் முதுகில் கையை மட்டும் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூசைக்குப் போனோம். ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தோம். துக்கம் தீர்ந்தது என்று சொன்னால் பொய், இன்றும் தீரவில்லை. ஆனால் மனம் ஆறாமலே, மன்னிப்பு முழுசாக வராமலே, தவறு செய்தவர் பக்கத்தில் போய் உட்காரலாம், கடவுளுக்கு அதுவே போதும் என்பதை, அந்தக் கடிதத்தில் பெயர்கூட இல்லாத ஒரு தாயிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.