போணிக்கு முன் நீட்டிய உண்டியல்

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இலங்கையில் புயலில் கூரை பறந்த ஒரு பள்ளிக்கூடத்துக்காக எங்கள் தெருப் பெண்கள் பணம் திரட்டினோம். பட்டினப்பாக்கம் மீன் கடைகள் என் பங்குக்கு வந்தன.

விடிந்ததும் போய், முதல் கடை அம்மாளிடம் ஒன்றும் சொல்லாமல் உண்டியலை நீட்டினேன்.

"இன்னாமே இது? இன்னும் போணியே ஆவல, அதுக்குள்ள நீட்டிகினு வந்துட்ட!" என்று அவள் கத்தினாள்.

முதல் வியாபாரத்துக்கு முன் யாராவது காசு கேட்டால் அன்றைக்குக் கடை படுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அது தோன்றவே இல்லை. அதற்கேற்றாற்போல் மூன்று பேர் விலை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"நானே அரை கிலோ வாங்கிக்கிறேங்க்கா."

"உன் கையால போணியா? வோணாம் தாயி! இத வித்தாதான் என் வூட்ல இன்னிக்கி அடுப்பு எரியும்."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "மீன் வாங்க அவளையே ஆள இட்டுகினு வரச் சொல்லுக்கா!"

உண்டியலைக் கீழே வைத்துவிட்டு, "சங்கரா! சங்கரா மீனு!" என்று கூவினேன். குரல் உடைந்தது. மறுபடியும் கூவினேன். ஸ்கூட்டரில் போன ஒருவர் திரும்பி வந்து ஒரு கிலோ வாங்கினார். அவர் கொடுத்த நோட்டைக் கடை அம்மாள் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்து மீன் வாங்கியவர் கொடுத்ததிலிருந்துதான் என் உண்டியலில் போட்டாள்.

"இந்தத் தொண்டைய வெச்சிகினு ஊமை மாதிரி நீட்டினியே!"

கடல் தாண்டி இருப்பவர்களை நினைத்துப் போன நான், எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் போணி ஆகிவிட்டதா என்று கேட்கிறேன். ஆகவில்லை என்றால் ஓரமாக நிற்கிறேன்.