பொன்சாமியின் நடை

பெல்ட்டை இடுப்பில் மாட்டியதும் பொன்சாமி உடனே நடந்துவிட மாட்டார். கண்ணை மூடிக் கொஞ்சம் நிற்பார். பிறகு எங்கள் தீவின் லவுத்தோக்கா நகரச் சந்தையில் பேருந்துகள் நிற்கும் பக்கத்திலிருந்து மீன் விற்கும் கோடி வரை போய்த் திரும்புவார். வாரத்துக்கு வாரம் வேறு வேறு நடை. அவருடைய சொந்த நடை எது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் விற்பது நாட்டைவிட்டுப் போனவர்களின் தோல் பெல்ட்டுகள். மறுபடியும் ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து எங்கள் இந்தியர் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. பெட்டியில் இடமில்லாமல் விட்டுப்போனவற்றில் இத்தாலியப் பெயர் பொறித்த பெல்ட்டுகளும் இருக்கும். பெரிய கடையில் விலை கேட்டுவிட்டு வெளியேறும் பையன்கள் நேரே இவரிடம் வருவார்கள். பெயர்தான் வேண்டுமென்றால், அறுந்துபோன ஒன்றின் பக்கிளைக் கழற்றி நல்ல தோலில் கோத்துக் கொடுப்பார்.

"பேரு பக்கிள்ல இருந்தா போதும் பேட்டா. மாடு எந்த ஊருன்னு எவன் கேக்கறான்?"

ஆனால் எதையும் ஒரு பகல் தானே கட்டிக்கொள்ளாமல் விற்க மாட்டார். "தோலுக்குள்ள பழைய ஆளு உக்காந்திருப்பான். எறக்கிவிட்டுத்தான் குடுக்கணும்."

ஒருமுறை, நாட்டைவிட்டுப் போன ஒரு வக்கீலின் பெல்ட்டோடு அவர் நடந்தபோது, யாரோ ஒருவர் "வக்கீல் சாப்!" என்று கூப்பிட்டபடி பின்னால் ஓடிவந்தார். பொன்சாமியின் முகத்தைப் பார்த்ததும் வெளிறித் திரும்பிப் போனார். பழகிய தோல் இடுப்பின் வளைவை வைத்துக்கொள்ளும், அந்த வளைவு அடுத்தவன் நடையையும் மாற்றும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சரியாகவே இருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகம் வெளிறியதற்கு அது போதவில்லை.

சென்ற வாரம் சபேட்டோ கிராமத்திலிருந்து சரோஜ் வந்தாள். அவள் கணவன் பிஜேந்திரா முந்தைய கவிழ்ப்பின்போதே கனடா போனவன். அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவன். கடிதம் நின்று பல வருடங்களாகின்றன. இப்போது கரும்பு நிலத்தின் குத்தகையும் முடிகிறது. பையிலிருந்து அவனுடைய பெல்ட்டை எடுத்து நீட்டினாள்.

"விக்க இல்ல அண்ணே. கட்டிக்கிட்டு ஒரு தடவ நட. செத்தவன் பெல்ட்டு உன் இடுப்புல நிக்காதாமே. நழுவினா நான் ஆக்லாந்துக்குத் தம்பிகிட்ட போயிடறேன். நின்னா, இங்கியே இருக்கேன். அவரு வந்தா வீட்டுல ஆளு வேணுமில்ல?"

"அரே பஹினி, நான் ஒல்லி. அதான் நழுவுது. நான் என்ன ஜோசியக்காரனா?"

"தெரியும். நட."

பொன்சாமி கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். பிறகு நடந்தார். வலது கால் இலேசாக இழுத்தது.

சரோஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். "கரும்பு வண்டி ஏறின அவரு காலு" என்றாளாம் பக்கத்தில் நின்ற மீன்காரியிடம். "நான் அண்ணன்கிட்ட சொல்லவே இல்லியே."

அவர் கண்ணை மூடி நின்றபோதே நான் மீன் கோடிக்கு வந்துவிட்டிருந்தேன். காலை இழுத்தபடி அவர் என்னை நோக்கி வந்தார். பெல்ட் இம்மியும் அசையவில்லை. உடம்போடு ஒட்டி, தைத்தாற்போல் நின்றது. அவர் கண்களில் எனக்குத் தெரிந்த யாரும் இல்லை.

கோடிக்கு வந்ததும், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, பக்கிளின் முள்ளைக் கட்டைவிரலால் மெல்ல விடுவித்து, பெல்ட்டைத் தளரவிட்டு, அவளை நோக்கித் திரும்பினார்.