அவளுக்கும் சேர்த்து

பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு படி இறங்கினார். நின்றார். திரும்ப ஏறிப்போய் நாலாவது முறை இழுத்தார். கீழே வாசலில் காத்திருந்த மனைவி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். அவர் போகும் கட்டடங்களின் காவலாளிகள் வைத்திருக்கும் பெயர் 'இன்னொருதடவை'. ரிப்பேர் முடிந்த பிறகும் ஆளை ஏற்றமாட்டார். தனியாக ஏழு முறை மேலும் கீழும் போய் வருவார். வெளியே நிற்பவர்கள் முணுமுணுத்தால், "இன்னொரு தடவை பாத்துடறேன் சார், மனசு கேக்கல" என்பார். படபடப்புக்கு டாக்டர் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார். நாலு எண்ணி இழுக்க வேண்டும், நாலு எண்ணி விட வேண்டும். எண்ணியது மூன்றா நாலா என்று சந்தேகம் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதிலேயே அவருக்கு மூச்சு வாங்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது மனைவியின் தூக்கம்தான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அவளுக்குத் தலை சாய்ந்துவிடும். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே தூங்கியவள் அவள். அடுத்தவர் பங்களாவையோ காரையோ பார்த்து ஒருநாளும் வயிறு எரியாத மனிதர், அந்தக் குறட்டையைக் கேட்டால் மட்டும் புகைந்துபோவார்.

"எப்படி வருது உனக்கு?" என்று ஒருமுறை கேட்டே விட்டார்.

"கண்ண மூடினா வருது."

குடும்பச் சொத்தைச் சத்தமில்லாமல் தன் பேருக்கு எழுதிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

அன்று கிளம்பியது அவளுடைய ஸ்கேன் முடிவைக் கேட்க. கழுத்தோரம் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு. ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் அவர் நாலு முறை கழிவறைக்குப் போய் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த அத்தனை நோய்களையும் படித்து, ஒவ்வொன்றும் இதுதானோ என்று கலங்கினார். அவளோ அவர் தோளில் தலை வைத்து அயர்ந்துவிட்டாள். ஆத்திரம் தாங்காமல் உலுக்கினார்.

"கட்டி உனக்கா, எனக்கா?"

"எனக்குத்தான்."

"நீ நிம்மதியா தூங்குற, நான் நாலு தடவ பாத்ரூம் போயாச்சு. என்னடி நியாயம் இது?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கும் சேத்து நீங்கதான் பயந்துடறீங்களே. நான் வேற எதுக்குத் தனியா?"

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்துவருவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உள்ளே டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"இன்னொரு தடவை பாத்துடுங்க டாக்டர்" என்றார் இவர்.

டாக்டர் பார்த்தார். அதேதான். அவள் கும்பிட்டுவிட்டு எழுந்து நடந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இனி என்ன கவலை, தனக்கும் தூக்கம் வரும் என்று கண்ணை மூடினார். வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் மெல்லிய குறட்டை கிளம்பியிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முழங்கையால் நன்றாக ஓர் இடி இடித்தார்.

"ஏய், எழுந்திரு எழுந்திரு. நம்ம ஸ்டாப் வந்துடுச்சு."

அவர்கள் இறங்க இன்னும் ஐந்து நிறுத்தம் இருந்தது.