கூடைக்குள் சீமாட்டி

முதல் பிடி கேழ்வரகை வேப்பமரத்தடியில் வீசுகிறார் பாக்கியமேரி. இரண்டாம் பிடி பத்தடி தள்ளி, துவைக்கிற கல் ஓரம். மூன்றாம் பிடி வைக்கோல் போருக்குப் பின்னால், முதல் இரண்டு இடத்திலிருந்தும் கண்ணுக்குப் படாத மறைவில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் வேலை மிச்சமாயிற்றே என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஊராட்சி ஒன்றியத்தில் கோழி வளர்ப்புக்கென்று சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

"கல்யாண வூட்டுல மொதப் பந்தி, கடப் பந்தின்னு இருக்குதில்லீங்களா சார்? இதுங்களுக்கும் இருக்குதுங்க."

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இரண்டு மைலில் அவர் வீடு. நாற்பது வயதிருக்கும். கணவர் சவரியோடு காட்டு வேலைக்குப் போகிறார். அடுத்த வீட்டில் சவரியின் தம்பி யாகப்பனும் அவர் மனைவி சாலம்மாளும். இரண்டு வீட்டுக்கும் புறக்கடை ஒன்றுதான். நான் முதலில் போனபோது இரண்டு வீட்டுக் கோழிகளும் சேர்த்துப் பத்தொன்பது, சேவல் தனி. சாலம்மாள் தன் கோழிகளின் காலில் நீலத் துணி கட்டியிருந்தார். பாக்கியமேரியின் கோழிகளுக்கு அடையாளம் ஏதும் இல்லை. அவருக்கு முகம் தெரியும்.

முகம் மட்டுமா, யார் யாரைக் கொத்தலாம் என்பதையும் விரல் விட்டுச் சொல்வார். சீமாட்டி என்கிற செவலைக் கோழி யாரை வேண்டுமானாலும் கொத்தும். அதைக் கொத்த ஆளில்லை. அடுத்தவள் பொரி. அவள் சீமாட்டியை விட்டுவிட்டு மற்றப் பதினேழு பேரையும் கொத்துவாள். இப்படியே படிப்படியாக இறங்கினால் கடைசியில் நிற்பது நொண்டிச் சாம்பல். "அதுக்குக் கொத்தறதுக்கு ஆளே இல்லீங்க. மண்ணக் கொத்திக்கும்." சேவலைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்றேன். அது சத்தம் போடுவதற்கு என்றார். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த சவரி இருமினார்.

இரண்டு நாள் மாலையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து சரிபார்த்தேன். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. இதை எவரோ ஒரு வெள்ளைக்காரர் வருடக்கணக்கில் பார்த்துக் கண்டுபிடித்ததாக எனக்குப் பயிற்சியில் படம் போட்டுச் சொல்லித் தந்திருந்தார்கள். இந்த அம்மாள் களை வெட்டிவிட்டு வந்து, சோற்றுக்கு உலை வைப்பதற்குள் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

சீமாட்டி அவருடைய கைவளர்ப்பு. தாயைக் கீரி கொண்டுபோன பிறகு, குஞ்சை மடியில் கட்டிக்கொண்டுதான் களைக்குப் போவாராம். வளர்ந்த பிறகும் அவர் உட்கார்ந்தால் தோளில் ஏறிக்கொள்ளும்.

சண்டை வந்தது என்னால். போன ஆடியில் ஒன்றியத்தில் கொடுத்த வெள்ளை லெக்கான் கோழிகளில் இரண்டு, பட்டியல்படி சாலம்மாளுக்கு வந்தன. எட்டு நாள் கூடையில் மூடி வைத்து, மற்றவை சுற்றி வந்து பார்த்துப் பழகின பிறகு விடுங்கள் என்றார் பாக்கியமேரி. சர்க்கார் கோழிக்கு அந்தச் சம்பிரதாயமெல்லாம் வேண்டாம் என்று நான் தீனி நேரத்தில், நடுப் புறக்கடையில் திறந்துவிட்டேன். மறுநாள் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றின் மண்டையில் தோல் இல்லை. வெள்ளை இறகில் ரத்தம் பளிச்சென்று தெரிய, தெரியத் தெரிய எல்லாம் வந்து கொத்தின. முதல் கொத்து சீமாட்டியுடையது.

சாலம்மாள் செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"உன் கோழி கொத்தலக்கா. நீ கொத்த வெச்ச."

அன்று சாயங்காலமே யாகப்பன் புறக்கடைக்குக் குறுக்கே சுவர் வைக்க வண்டியில் கல் கொண்டுவந்து இறக்கினார். சவரி தடுக்கவில்லை. சுவர் எழுந்தால் கிணறு அந்தப் பக்கம், மாட்டுக் கொட்டகை இந்தப் பக்கம். அந்த ஞாயிறு பூசைக்கு இரண்டு குடும்பமும் தனித்தனியாகப் போயின. என் அவசரத்தால் ஒரு வீடு இரண்டாகிக்கொண்டிருந்தது, எனக்கு முகம் காட்ட வெட்கமாக இருந்தது.

சீமாட்டியின் அலகு நுனியை நறுக்கிவிடலாம் என்று பயிற்சியில் படித்ததைச் சொன்னேன். அதை அறுத்துக் குழம்பு வைத்தால்தான் மனசு ஆறும் என்றார் சாலம்மாள். பாக்கியமேரி இரண்டுக்கும் இணங்கவில்லை. அலகை நறுக்கினால் அது எப்படிப் பொறுக்கித் தின்னும் என்று என்னைக் கேட்டார். அறுத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், அதுவும் வெள்ளையைத்தான் கொத்தும் என்று சாலம்மாளிடம் சொன்னார். பிறகு யாகப்பனிடம் போய் நின்றார்.

"எட்டு நாளு கல்லத் தொடாதீங்க தம்பி. அதுக்கப்பறமும் கொத்துச்சுன்னா நானே மண்ணு கொழச்சுத் தரன்."

வெள்ளையின் மண்டையில் விளக்கெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினார். சிவப்பு மறைந்ததும், கொத்த வந்தவை குழம்பிப்போய்த் திரும்பின. வெள்ளையையும் நொண்டிச் சாம்பலையும் மூன்று நாள் ஒரே கூடையில் அடைத்துச் சினேகமாக்கினார். சீமாட்டியைப் பிடித்து வீட்டுக்குள், மற்றவை பார்க்க முடியாத மூலையில் கூடை போட்டு மூடினார். வெளியே ஒரே ரகளை. காலியான இடத்துக்குப் பொரியும் இன்னும் இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொண்டார்கள். பாக்கியமேரி தீனி போடும் இடத்தை மூன்றிலிருந்து ஐந்தாக்கினார். ஐந்தாம் நாள் சத்தம் அடங்கிவிட்டது.

எட்டாம் நாள் காலையில் எல்லோரும் புறக்கடையில் கூடினோம். யாகப்பன் கற்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். தீனி வீசி முடித்துவிட்டு, பாக்கியமேரி சீமாட்டியைக் கொண்டுவந்து விட்டார். அது நிமிர்ந்த கழுத்தோடு நேரே வேப்பமரத்தடிக்கு நடந்தது. பொரி திரும்பி ஒரே கொத்து. துவைக்கிற கல்லுக்குப் போனது, அங்கேயும் துரத்தினார்கள். வைக்கோல் போருக்குப் பின்னால் நொண்டிச் சாம்பலும் வெள்ளையும் தின்றுகொண்டிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தது. இந்தப் புறக்கடைக்கு வந்து முதல் தடவையாக அது ஒரு கோழியைக் கொத்தியது. சீமாட்டி தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிவிட்டது.

அந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"வெள்ளைக்குக் கீழ ஒருத்தி இருந்தாத்தாங்க சார் அது பொழைக்கும்," என்றார் பாக்கியமேரி. "இருக்கறதுல தாங்கறவ இவதான்."

யாகப்பன் எழுந்து ஒரு கல்லைப் புரட்டி வண்டிக்குத் தூக்கினார். சாலம்மாள் போய் மறுமுனையைப் பிடித்தார்.

சீமாட்டி பாக்கியமேரியின் காலடியில் வந்து நின்று, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி அதன் முன்னால் போடப் போனேன். பாக்கியமேரியின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. மற்றப் பத்தொன்பதும் தின்று விலகி, சீமாட்டி போய் மீதியைப் பொறுக்குகிற வரைக்கும் அவர் அந்தப் பிடியை விடவில்லை.