இரண்டாம் கியரின் வாசல்

முதல் கியரில் வண்டி உறுமி முடித்ததும் வைசன் கபுதுலா கிளட்சை மிதித்து, கியர்க் கம்பியை நடுவுக்கு இழுத்து, காலை எடுத்துவிடுவார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓடி!" என்று கூப்பிடுவார். பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பெண்களும் "ஓடினி!" என்பார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது மிதி, இரண்டாம் கியர்.

மலாவியில் யார் வீட்டு வாசலிலும் இப்படித்தான். 'ஓடி' சொல்லிவிட்டு நிற்போம். உள்ளிருந்து 'ஓடினி' வந்தால் காலெடுத்து வைப்போம். வைசன் அந்த மரியாதையைத் தன் பிக்கப்பின் கியர்பாக்ஸுக்கும் கொடுத்திருந்தார். "பல்லு தேஞ்ச பெட்டி, வாத்தியாரே. திடுதிப்புனு உள்ள போனா கடிக்கும். கேட்டுட்டுப் போனா வழி விடும்." இதில் பொய்யில்லை. கேட்டுப் பதில் வருவதற்குள் உள்ளே பல்சக்கரங்கள் நிதானித்துவிடும்.

வியாழக்கிழமைச் சந்தைக்கு அந்த வண்டி போகும்போது பள்ளிக்கூடம் வரை நான் முன்னால் உட்கார்ந்து போவேன். இரண்டாம் கியர் இருக்கும் இடம் சரியாக என் வலது முழங்கால். தள்ளி உட்காரலாம் என்றால் அந்தப் பக்கத்துக் கதவு டியூப் ரப்பரால் கட்டப்பட்டிருக்கிறது. வைசன் இடது காலில் செருப்பு போடமாட்டார். கிளட்சின் மனசு பாதத்துக்குத்தான் தெரியுமாம். ஜூலைக் குளிரில் அந்தப் பாதம் நடுங்கும், மனிதர் அசையமாட்டார்.

இந்தக் குளிர்தான் வம்பை இழுத்துவிட்டது. கியர் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் கடைக்குப் போய் எண்ணெய் கேட்டிருக்கிறார். இளக்கமா, கெட்டியா என்று கேட்டான் கடைக்காரன். எங்களுக்கு ன்சிமாக் களி கெட்டியாக இருந்தால்தான் சாப்பாடு; இளகிவிட்டால் அது குழந்தைக்கும் நோயாளிக்கும் உள்ள கஞ்சி. "கெட்டியாவே குடு. என் வண்டி என்ன பால்குடியா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கி வந்து ஊற்றிவிட்டார்.

அடுத்த வியாழனன்று ஓடியும் பலிக்கவில்லை, ஓடினியும் பலிக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தார். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. கூடைகள் சரிந்தன. வியாபாரிகளுக்குத் தலைவி போலிருக்கும் நாம்பேவே அம்மா, சாறு சொட்டும் தன் இடுப்புத் துணியைத் தூக்கிக் காட்டினார்.

"இதப் பாரு தம்பி. தக்காளி விக்கப் போறேனா, குழம்பு விக்கப் போறேனா? அடுத்த வாரம் ஒரு பழம் நசுங்கட்டும், பன்னெண்டு பேரும் புதுசா சந்தைக்கு ஆள் ஏத்துற அந்த வெள்ளை வண்டியில ஏறிடுவோம்!"

வைசனுக்கு அந்தப் பன்னிரண்டு பேரை விட்டால் வேறு சவாரி கிடையாது. வாரம் முழுவதும் பிழிந்த துணி மாதிரி இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. புதன்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து, கெட்டி எண்ணெயைக் கொஞ்சம் தகரத்தில் வடித்து, களி கிண்டும் துடுப்பை அதில் விட்டுத் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் சொட்டாமல் தொங்கியது. அவர் மனைவி ஃபைனெசி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பல்லு தேஞ்சதுன்னு நீயே சொல்ற. பல்லில்லாதவனுக்கு யாராவது களி போடுவாங்களா? கஞ்சி ஊத்துய்யா! அப்புறம், அந்தத் துடுப்ப வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாத."

மீதியையும் வடித்துவிட்டு இளக்கமான எண்ணெயை ஊற்றினார்.

வியாழன் காலை. முதல் கியர். கிளட்சை மிதித்தார், கம்பியில் கை வைத்தார், அவ்வளவுதான். வெண்ணெயில் விரல் இறங்குவது போல இரண்டாம் கியர் தானாகவே விழுந்தது. என் முழங்காலுக்குக்கூடத் தெரியவில்லை. ஒரு பழமும் உருளவில்லை. வைசன் என்னைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

கூரையில் தடதடவென்று அடி விழுந்தது. சிரிப்பு அணைந்தது. வண்டியை நிறுத்தினார்.

"நசுங்கிடுச்சாம்மா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"தக்காளிக்கு என்ன கேடு? மரியாதை எங்க போச்சு?" நாம்பேவே அம்மாவின் தலை ஜன்னலுக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தது. "பன்னெண்டு பேரும் ஓடினிய வாயில வெச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கோம். முழுங்கவா, துப்பவா? கேக்காம நுழையற வண்டியில ஏறணும்னா அந்த வெள்ளை வண்டி போதாதா?"

வைசன் மறுபடி முதல் கியர் போட்டுக் கிளம்பினார். கம்பியை நடுவுக்கு இழுத்தார். இப்போது ஒரு விரலால் தள்ளினாலே போய்விடும். காலை எடுத்தார், தலையை நீட்டினார். "ஓடி!"

"ஓடினி!" என்று பதினொரு குரல் வந்தது. பன்னிரண்டாவது ஆள் இருமிக்கொண்டிருந்தாள். வண்டி வேகம் இழந்து நிற்கப் பார்த்தது. வைசன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் இருமி முடிக்கும் வரை காத்திருந்தார்.