செத்த பேட்டரிக்குச் சிவப்புக் குறி

உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னால் நம்பும் சனம், பேட்டரி போய்விட்டது என்று யூ.பி.எஸ். மெக்கானிக் சொன்னால் மட்டும் நம்பாது. தொண்ணூறுகளில் கோவை கணபதியில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட்டேன். எனக்கென்று இருந்த ஒரே சொத்து என் பெயருக்கு இருந்த மரியாதை. அதுவும் எப்படிப் பறிபோனது என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சிறுவாணி அபிஷேகம்

எங்கள் தெருவிலேயே லேத் பட்டறை வைத்திருந்தவருக்கு, பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். நான்காம் மாதமே கரன்ட் போனால் யூ.பி.எஸ். தாங்கவில்லை என்று ஆள் அனுப்பினார். போய் மூடியைத் திறந்தால், உள்ளே தகடெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அவருக்குத்தான் கோபம் வந்தது.

"சிறுவாணித் தண்ணியத்தானுங்க ஊத்துனேன். மனுசன் குடிச்சா ஒண்ணும் ஆகறதில்ல, பேட்டரிக்கு மட்டும் ஆயிப்போடுமுங்களா?"

டிராக்டர் பேட்டரி

சோமனூரில் ஒரு தறி முதலாளி. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது பேட்டரி வாங்கச் சொன்னால், டிராக்டரில் இருந்து கழற்றிப்போட்ட கிழட்டு பேட்டரியை மாட்டி வைத்திருந்தார். அவருடைய பிடிவாதத்துக்காக ஒரு நாள் முழுக்க சார்ஜ் போட்டேன். கரன்ட் போனதும் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. வேறு யார் தலையிலும் அதைக் கட்டிவிடக் கூடாதே என்று சிவப்பு பெயின்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். அதன் பிறகு என் கைக்கு வந்த செத்த பேட்டரி ஒவ்வொன்றுக்கும் அதே குறிதான். முதலாளியோ சமாதானமாகவே இல்லை.

"டிராக்டரையே கிளப்புன பேட்டரிங்க. இந்த டிவிப் பொட்டியாட்டம் இருக்கறதக் கிளப்பாதுங்களா?"

கருமத்தம்பட்டி டைப்பிங் சென்டர்

அங்கே கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டர் நடத்திய ஒரு பெண்மணி போன் செய்து உடனே வரச் சொன்னார். ஒரு கல்லூரி மாணவி மறுநாள் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காலையில் இருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கரன்ட் போனது, யூ.பி.எஸ். ஒரு முறை கத்திவிட்டுப் படுத்துவிட்டது. சேவ் செய்யாத முப்பது பக்கமும் போச்சு. நான் போனபோது அந்த மாணவி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இந்தக் குப்பையை யார் கொடுத்தது என்று கத்திக்கொண்டே பேட்டரியை வெளியே இழுத்தேன். பக்கவாட்டில் என் சிவப்புக் குறி. செத்த பேட்டரிக்குத்தானே இந்தக் குறி போடுகிறேன் என்றேன். அந்தப் பெண்மணி என்னை முறைக்கக்கூட இல்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

"செவப்புக் குறி இருந்தா கணபதிக்காரரு சோதிச்சதுன்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க. உங்கள நம்பித்தானுங்க வாங்குனேன்."

உக்கடத்தில்

அவர் சொன்ன இடத்தை வைத்து, விற்ற ஆளைத் தேடி உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கே போனேன். வரிசையாகப் பேட்டரிகள், எல்லாவற்றிலும் சிவப்புக் குறி. பாதி என் கைவேலையே இல்லை. போலீசுக்குப் போவேன் என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் எனக்கு டீ சொல்லிவிட்டு, ரொம்ப மரியாதையாக விளக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க குறி இருந்தாத்தானுங்க சனம் வாங்குது. இல்லாததுக்கெல்லாம் நானே போட்டுக்கிட்டேன், உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

அன்றிலிருந்து பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு, செத்த பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையைச் சுத்தியலால் தட்டி உடைத்துவிடுகிறேன். முனை உடைந்ததுதான் அசல் என்று இந்நேரம் உக்கடத்தில் யாராவது சத்தியம் செய்துகொண்டிருப்பார்கள்.